தாகம் வேறு, வாய் உலர்வு வேறு: ஒரு டயாலிசிஸ் நோயாளியின் வாய் அனுபவங்கள்

எனக்குச் சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வாரத்துக்கு 3 டயாலிசிஸ். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் திரவம்தான் அனுமதி. மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. வெளியேறும் சிறுநீரின் அளவோடு 500 முதல் 750 மில்லிவரை கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கூட்டுவதற்கு என்னிடம் சிறுநீர் இல்லாததால் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

வாய்தான் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. நடுராத்திரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வரும். உதட்டோரம் வெடித்து எரியும். உலர்ந்த உணவு எதையாவது வாயில் போட்டால் உருண்டுகொண்டே இருக்குமே தவிர உள்ளே இறங்காது. தொலைபேசியில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் பேசினால் நாக்கு புரள மறுக்கும். இதை டயாலிசிஸ் யூனிட்டில் சொன்னால், "தண்ணி ரொம்பக் குடிக்காதீங்க, வெயிட் ஏறுது" என்பார்கள். நான் வாயைப் பற்றிச் சொல்கிறேன், இவர்கள் எடையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எரிச்சலாக இருக்கும்.

யூனிட்டுக்குப் புதிதாக வந்த டயட்டீஷியன் ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார். "சார், உங்களுக்குத் தாகம் எடுக்குதா, இல்ல வாய் காயுதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே ஒரு வழி சொன்னார். "அடுத்த தடவை தண்ணி வேணும்னு தோணும்போது வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க. ஆசை அடங்கிடுச்சுன்னா கேட்டது வாய். அடங்கலைன்னா அது தாகம்."

இது ஆய்வகச் சோதனை ஒன்றும் இல்லை, ஒரு குத்துமதிப்பான வழிதான். ஆனால் சில நாள் விடாமல் செய்து பார்த்ததில், தண்ணீர் வேண்டும் என்று தோன்றிய நேரங்களில் பெரும்பாலும் கேட்டது என் வாய்தான், உடம்பு அல்ல என்று தெரிந்தது. வாய் கேட்டதற்கு வயிற்றுக்குள் தண்ணீரை ஊற்றினால் வாய் இரண்டு நிமிடம் நனைந்திருக்கும். தண்ணீரோ அடுத்த டயாலிசிஸ்வரை உடம்பிலேயே தங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏதாவது செய்ய முடிந்தது.

முதலில் தாகம். அது ரத்தத்தின் உப்பிலிருந்து கிளம்புகிறது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புச் செறிவுக்கு அது ஏறத்தாழச் சமம். இப்போது சிறுநீர் போகாத ஒருவர் ஒரு நாளில் 9 கிராம் உப்பு சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்த உப்பைச் சமன்செய்ய ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போகும்வரை மூளை தாகத்தைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அங்கே மன உறுதி எல்லாம் செல்லாது. உப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது, என்னைக் கேட்டால், நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

நமக்குச் சொல்லப்படும் உப்பின் அளவு ஒரு நாளைக்குச் சுமார் 5 கிராம். சோடியமாகக் கணக்கிட்டால் 2 கிராம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சமையலில் போடும் உப்பைவிடப் பொட்டலத்தில் அடைத்து வரும் உணவில் ஒளிந்திருக்கும் உப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. அதனால் பொட்டலத்தின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடியது. நல்லெண்ணத்தோடு யாராவது வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தாகத்துக்கு இன்னொரு காரணம் சர்க்கரை. நீரிழிவும் சேர்ந்திருப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறினால் தாகமும் ஏறும். உப்பை எவ்வளவு குறைத்தாலும் பயனிருக்காது. மூன்றாவது காரணத்தை வெளியில் அதிகம் பேசுவதில்லை. டயாலிசிஸ் திரவத்திலேயே சோடியம் இருக்கிறது. அதன் அளவு நம் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தால், டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போன கையோடு கடும் தாகம் எடுக்கும். டயாலிசிஸ் முடிந்த மாலையில் மட்டும் ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டபோது, மருத்துவர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அந்த அளவைக் கொஞ்சம் மாற்றச் சொன்னார். அப்புறம் மாலைகள் பரவாயில்லாமல் போயின. எல்லோருக்கும் இது பொருந்தாது, டயாலிசிஸின்போது பிரஷர் விழுகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இனி வாய் உலர்வு. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை எச்சில் ஊறும். எதையும் மெல்லாமல் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிவரை சுரக்கும், 0.1 மில்லிக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைக் குறைபாடு என்கிறார்கள். என் பல் மருத்துவர் ஒரு சின்ன அளவுக் கோப்பையைக் கையில் கொடுத்து, பேசாமல் உட்கார்ந்து ஊறுகிற எச்சிலை அதில் துப்பிக்கொண்டே இருக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் 1 மில்லிகூடத் தேறவில்லை. "வாய் காயுதுன்னு நீங்க சொன்னது சும்மா இல்ல" என்றார். எனக்கு ஏனோ கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

எச்சில் குறைந்தால் நாக்கு ஒட்டுவதோடு போவதில்லை. பல்லை அரிக்கும் அமிலத்தைச் சமன்செய்வது எச்சில். கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பிக் கொடுப்பதும், கிருமிகளையும் பூஞ்சையையும் மட்டுப்படுத்துவதும் அதுதான். அதனால் எச்சில் வற்றிய வாயில் பல்லின் வேர்ப் பகுதியில் சொத்தை விழும், பூஞ்சை படரும், செயற்கைப் பல்செட் உட்காராமல் உரசும்.

ஏன் வற்றுகிறது என்றால் காரணம் ஒன்றல்ல. திரவக் கட்டுப்பாடு இருக்கிறது. எச்சில் சுரப்பிகளே சோர்ந்துவிடுகின்றன. வயது, நீரிழிவு, வாயால் மூச்சுவிடும் பழக்கம் எல்லாம் சேர்கின்றன. நம்மால் எளிதில் மாற்ற முடிந்த ஒன்று இந்தக் கூட்டத்தில் உண்டென்றால் அது மாத்திரைகள். அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின், பிரஷருக்கான க்ளோனிடின், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நரம்பு வலிக்குத் தரும் கேபாபென்டின், பிரீகேபலின், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் எல்லாமே வாயை உலர்த்தக்கூடியவை. டயாலிசிஸ் நோயாளியின் மாத்திரைப் பெட்டியில் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும்.

மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய், "இதில் எது வாயை உலர்த்தும், எதை மாற்றலாம்?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டேன். அரிப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கூடவே, அரிப்புக்குக் காரணமான பாஸ்பரஸைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. க்ளோனிடினை அவர் தொடவில்லை. அதை நாமாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மோசமாக எகிறும். சந்தேகப்படுகிற மாத்திரையைக் காட்டிக் கேளுங்கள். நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, நான் பழகிக்கொண்ட சில வழிகள். எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன்.

நுண்துளியாய்த் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இரண்டு முறை அழுத்தினால் வாய் முழுக்க நனையும், போவதோ ஒரு மில்லிக்குள். எனக்கு மிக அதிகமாக உதவியது இதுதான். கொப்பளித்துத் துப்புவதும் நல்லதே, ஆனால் துப்பும்போது கொஞ்சம் உள்ளே நழுவத்தான் செய்யும். அளந்து எடுத்துக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது. குளிர்ந்த நீர் வெதுவெதுப்பான நீரைவிட நன்றாக அடக்குகிறது.

ஐஸ் கட்டியைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஐஸ் திரவம் இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உருகினால் தண்ணீர்தானே? ஒரு கட்டி அளவைப் பொறுத்து 15 முதல் 30 மில்லி. மெதுவாகக் கரைவதால் அதே அளவு தண்ணீரைவிட நீண்ட நேரம் வாயை நனைத்து வைக்கும், அதுதான் அதன் லாபம். கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையில்லாத சூயிங் கம் மெல்லும்போது எச்சில் தானாக ஊறும். சுரப்பியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலும் கம் மென்றவர்களுக்கு வாய் உலர்வும் தாகமும் குறைந்ததாகத் தெரியவந்திருக்கிறது. அதனால் எடை ஏறுவது குறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த கம் பல்லுக்கும் நல்லது. அளவு மிஞ்சினால் வயிறு போகும். பல்செட் போட்டவர்களுக்குக் கம் சரிப்படாது, அவர்கள் சர்க்கரையில்லாத மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம். சர்க்கரை மிட்டாய் மட்டும் வேண்டவே வேண்டாம். எச்சில் இல்லாத வாயில் சர்க்கரையை மணிக்கணக்கில் ஊறவைத்தால் பற்கள் ஒவ்வொன்றாய்ப் போகும். புளிப்பும் எச்சிலை நன்றாகவே வரவழைக்கும். ஆனால் அந்த அமிலத்தைக் கழுவிவிடப் போதிய எச்சில் நம்மிடம் இல்லை, பல்லின் எனாமல் கரையும். அதனால் புளிப்பை எப்போதாவது ஒரு முறை என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

செயற்கை எச்சில் என்று ஜெல்லாகவும் ஸ்ப்ரேயாகவும் கிடைக்கிறது. இரவுக்கு ஜெல் நல்லது. படுக்கும் முன் கன்னத்தின் உட்புறமும் ஈறிலும் தடவிக்கொண்டால் நாக்கு ஒட்டி விழிப்பது குறைகிறது. சிலவற்றில் பொட்டாசியம், பாஸ்பேட் உப்புகள் இருக்கும். நாள் முழுக்கப் பயன்படுத்துவதாக இருந்தால் லேபிளை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரவு உலர்வுக்குப் பாதிக் காரணம் மூக்கு. மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் விடியும்போது நாக்கு மரத்துண்டாக இருக்கும். மூக்கடைப்புக்கு மருந்து எடுக்கும் முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டும், சில மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால் ஸ்லீப் ஆப்னியாவா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) என்று பார்க்கச் சொல்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களிடம் அது அதிகம்.

மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினால் அதற்கே ஒரு கோப்பை தண்ணீர் போய்விடும். சேர்த்து விழுங்கலாமா என்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டின் குழைவான கவளத்தோடு சிலவற்றை இறக்கப் பழகினேன். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரைகளில் வித்தியாசம் உண்டு. லாந்தனம் கார்பனேட்டை நன்றாக மென்றுதான் சாப்பிட வேண்டும். செவலமர் மாத்திரையை மெல்லவோ நொறுக்கவோ கூடாது, ஈரம் பட்டால் உப்பிவிடும். வாய் காய்ந்திருக்கும்போது அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு படுத்தும். அதனால் செவலமருக்கு முன் வாயை நனைத்துக்கொள்வேன்.

வாய் நாற்றத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். சிறுநீரகம் வெளியேற்றாத யூரியா ரத்தத்திலிருந்து எச்சிலுக்கும் வருகிறது. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. நாற்றமும், வாயில் இரும்பை வைத்திருப்பது போன்ற ருசியும் பெரும்பாலும் இதனால்தான். என்னதான் பல் தேய்த்தாலும் இது முழுதாகப் போகாது என்பதை வீட்டாரிடம் விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது. இது சுத்தக் குறைவு அல்ல. நாக்கை வழிப்பதும் வாயை ஈரமாக வைத்திருப்பதும் கொஞ்சம் குறைக்கும். திடீரென்று நாற்றமும் இரும்பு ருசியும் அதிகமாகி, குமட்டலும் சேர்ந்தால், டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரத்தைச் சுருக்கிக்கொண்டு அரை மணி முன்னதாக எழுந்து போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே அம்மோனியாவால் ஒரு விசித்திரமும் நடக்கிறது. அது காரத்தன்மை உள்ளது என்பதால் அமிலத்தை முறிக்கிறது. சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்குச் சொத்தைப் பல் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால் பல்லில் காரை சீக்கிரம் படிகிறது. எனக்குக் கீழ்வரிசை முன்பற்களின் பின்புறம் ஒவ்வொரு க்ளீனிங்குக்கும் கெட்டியாகப் படிந்திருக்கும். காரை படிந்த இடத்தில் ஈறு வீங்கும், ரத்தம் வரும்.

ஈறில் ரத்தம் வருவதற்கு நம் விஷயத்தில் இன்னும் சில காரணங்கள் உண்டு. யூரியா அதிகமாக இருக்கும்போது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வேறு. ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டால் காரை கூடும், வீக்கம் கூடும், ரத்தமும் கூடும். மிக மென்மையான பிரஷ், மெதுவான கை, இரண்டு வேளை. இதைத் தொடர வேண்டும். ரத்தசோகையால் ஈறு வெளிறி இருப்பதால் வீக்கத்தின் சிவப்பு நம்மிடம் சட்டென்று தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஈறு அழகாக வெளுத்துத் தெரிகிறது என்பது ஆரோக்கியத்துக்குச் சான்று அல்ல.

பற்பசையில் ஃப்ளூரைடு அவசியம். சாதாரணமாகக் கிடைப்பவற்றில் 1000 முதல் 1500 பிபிஎம் இருக்கும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் கூடவே போய்விடும். சொத்தை அதிகமாக விழுகிறவர்களுக்குப் பல் மருத்துவர் 5000 பிபிஎம் பசை எழுதிக் கொடுப்பதுண்டு. உடம்பில் சேரும் ஃப்ளூரைடை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், அதை விழுங்காமல் இருப்பது நமக்கு மற்றவர்களைவிட முக்கியம். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் உலர்ந்த வாயை எரிக்கும்; அது இல்லாத பசைக்கு மாறியதும் என் உதட்டோர எரிச்சல் குறைந்தது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை இன்னும் உலர்த்தும். கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீளமாகப் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், ருசியும் கெடும்.

எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டி வந்தது. முதலில் போன இடத்தில், "சிறுநீரகம் வேற, பல் வேற சார்" என்று சொல்லி, டயாலிசிஸ் என்றைக்கு என்றுகூடக் கேட்காமல் அன்றே எடுத்துவிடலாம் என்றார்கள். அன்று காலைதான் ஹெப்பாரின் ஏறியிருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பக்கம் பல் மருத்துவர் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தப் பக்கம் சிறுநீரக மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் வேலை நோயாளியின் தலையில்தான் விழுகிறது. அதனால் அடுத்த மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

அந்தத் தாளில் இருந்தவை இவை. டயாலிசிஸ் நாட்கள் எவை, ஹெப்பாரின் உண்டு. எந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்), அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ கூடாது. எல்லா மாத்திரைகளும். கடைசி ஹீமோகுளோபின், தட்டணுக்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா, எலும்புக்காக பிஸ்பாஸ்போனேட்டோ டெனோசுமாபோ போட்டிருக்கிறதா. கடைசியில் சிறுநீரக மருத்துவரின் தொடர்பு. எலும்பு மருந்துகளை ஏன் சொல்ல வேண்டும் என்றால், அவற்றை எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது.

பல் எடுக்க நல்ல நாள் டயாலிசிஸுக்கு அடுத்த நாள். ஹெப்பாரின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், யூரியாவும் திரவமும் அன்று குறைவாக இருக்கும், உடம்பும் டயாலிசிஸ் களைப்பிலிருந்து மீண்டிருக்கும். மரத்துப்போக வைக்கும் ஊசி பொதுவாக நமக்குப் பிரச்சினை செய்வதில்லை. எடுத்த இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் உட்கார வைத்தார், ரத்தம் நின்றதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். அடுத்த டயாலிசிஸில் ஹெப்பாரினைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டியிருக்கும் என்று யூனிட்டுக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

வலி மாத்திரையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல்வலி என்றதும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள்தான் எல்லா இடத்திலும் கைக்கு வரும். சிறுநீரகம் இன்னும் ஓரளவு வேலை செய்பவர்களுக்கு இவை மிச்சமிருப்பதையும் கெடுக்கும். டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்களுக்கும் சிறிதளவு சிறுநீர் போகிறது என்றால் அது பொக்கிஷம், அதை இழக்கக் கூடாது. வயிற்றில் ரத்தக் கசிவும் இவற்றால் வரலாம். பாராசிட்டமால்தான் நமக்கு முதலில் கேட்க வேண்டியது, மருத்துவர் சொன்ன அளவில். ஆன்டிபயாடிக் எழுதினால், "சிறுநீரகத்துக்குத் தகுந்தபடி டோஸ் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அமாக்ஸிசிலின் போன்றவைகூட நமக்கு அளவு மாறும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள் பல் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வாயில் சீழோ ஆழமான சொத்தையோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தருவார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள் தொடங்கியபின் ஒரு சின்னப் பல் சீழ் பெரிய வினையாகிவிடும். அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்கள் அவசரமில்லாத பல் வேலை எதையும் செய்ய மாட்டார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற நண்பர் ஒருவருக்கு ஈறு வளர்ந்து முன்பற்களின் பாதியை மூடிவிட்டது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் செய்கிற வேலை அது. பிரஷருக்குத் தரும் அம்லோடிபின், நிஃபெடிபின் வகையும் இதைச் செய்யும், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவருக்கு மருந்தை அதே வேலைக்கான டாக்ரோலிமஸுக்கு மாற்றி, காரையையும் எடுத்தபின் ஈறு மெல்ல வற்றியது. வாயில் வெண்படலமாகப் பூஞ்சை வந்தால் ஃப்ளூகோனசோல் எழுதுவார்கள்; அது டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசினும் அப்படியே. சிறுநீரக மாற்று செய்த மருத்துவமனைக்குத் தெரியாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. உதட்டிலோ வாயிலோ 2, 3 வாரமாக ஆறாத புண் இருந்தாலும் காட்டிவிட வேண்டும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளால் உதட்டுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம்.

பூஞ்சைக்கு மாற்றுச் சிறுநீரகம்தான் வேண்டும் என்றில்லை. எனக்குப் பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் பல்செட்டைக் கழற்றுவதே இல்லை, தூங்கும்போதும்கூட. மேலண்ணம் முழுக்கச் சிவந்து எரிந்து, சாப்பாடு குறைந்து, எடையும் குறைந்தது. ஒருநாள் என்னிடம், "தம்பி, உங்க ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். நான் கொடுப்பதற்குள் அங்கிருந்த செவிலியர் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பூஞ்சை மருந்தும், இரவில் பல்செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்கும் வழக்கமும் வந்த பிறகு ஐயா நன்றாகச் சாப்பிடுகிறார். இடையில் மெலிந்துபோனதால் அவருடைய ட்ரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, திருத்த வேண்டியிருந்தது. சதை குறைந்த இடத்தில் நீர் நிற்பதை எடைத் தராசு காட்டிக்கொடுக்காது.

தாடை எலும்பைப் பற்றியும் ஒரு வரி. பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஹெச்) நீண்டகாலம் ஏறியே இருந்தால் உடம்பின் மற்ற எலும்புகளைப் போலத் தாடையும் வலுவிழக்கும், பற்கள் ஆடும். ஈறு நோய் இல்லாமலே பல் ஆடுகிறது என்றால் பல் மருத்துவர் எடுக்கும் எக்ஸ்ரேயையும் கடைசி பிடிஹெச் முடிவையும் சிறுநீரக மருத்துவரிடம் சேர்த்துக் காட்டுங்கள். பல் எக்ஸ்ரேக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சாய மருந்து எதுவும் ஏற்றுவதில்லை, பயப்பட வேண்டாம்.

சில விஷயங்களுக்கு அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்கக் கூடாது. பல்வலியோடு கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்குவது, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போவது, பல் எடுத்த இடத்தில் அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காமல் இருப்பது, இவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. கழுத்தில் டயாலிசிஸ் கதீட்டர் (குழாய்) வைத்திருப்பவருக்குப் பல் சிகிச்சைக்குப் பின் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் உடனே யூனிட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.